லினக்ஸ் ஹெச்டபிள்யூமான் (வெப்பநிலை, வோல்டேஜ் போன்ற சென்சார் அளவுகளை ஃபைல்களாகக் காட்டும் கெர்னல் வசதி): டெம்ப்1_மேக்ஸ், டெம்ப்1_கிரிட், டெம்ப்1_மேக்ஸ்_ஹிஸ்ட் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

இந்த ஃபைல் பெயரின் அமைப்பு: சென்சார் வகை, எண், அண்டர்ஸ்கோர், வரம்பு. எண் பொதுவாக 1-இல் தொடங்கும். வோல்டேஜுக்கு (பெயரில் 'இன்') 0.

மேக்ஸ் என்பது வழக்கமான மேல் வரம்பு. கிரிட் அதற்கும் மேலே, ஆபத்தான அளவு. சில சிப்களில் அதற்கும் மேல் எமர்ஜென்சி உண்டு. கீழ்ப்பக்கம் 'மின்' (மினிமம், வழக்கமான கீழ் வரம்பு), அதற்கும் கீழே எல்கிரிட் (ஆபத்தான கீழ் அளவு). சிப்பில் இல்லாத வரம்புக்கு ஃபைலே இருக்காது.

பலரும் சறுக்குவது ஹிஸ்ட்டில்தான் (ஹிஸ்டெரிசிஸ்: எந்த வெப்பநிலைக்கு இறங்கினால் மேக்ஸ் அலாரம் அடங்கும் என்ற அளவு). மேக்ஸ் 80000 (மில்லிடிகிரி, அதாவது 80°) என்றால், 75°-க்கு இறங்கியதும் அலாரம் அடங்க ஹிஸ்ட்டில் 75000 எழுத வேண்டும். இடைவெளிதானே என்று 5000 எழுதினால் அது 5° என்றே பொருள்படும். சிப் அதை ஏற்றுக்கொண்டால் அலாரம் லேசில் அடங்காது. சிப்பின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில்) இடைவெளியாக இருந்தாலும் டிரைவர்தான் அதை முழு வெப்பநிலையாக மாற்றிக் காட்ட வேண்டும்.

அலகுகளையும் கவனியுங்கள்: வோல்டேஜ் மில்லிவோல்ட், கரன்ட் மில்லிஆம்பியர், பவர் மட்டும் மைக்ரோவாட். 15 வாட் வரம்புக்கு 15000 எழுதினால் 0.015 வாட்தான்.

ஸ்கிரிப்ட்டில் ஃபோல்டர் பெயரை ஹெச்டபிள்யூமான்2 என்று எண்ணை நம்பி எழுதாதீர்கள், ரீபூட்டில் மாறலாம். ஒவ்வொரு ஃபோல்டருக்கு உள்ளேயும் இருக்கும் நேம் ஃபைலைப் படித்துத் தேடுங்கள்.