இலை முழங்கால் உயரம், கிழங்கு சுண்டுவிரல் பருமன்!
வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோடையில் முள்ளங்கியும் பீட்ரூட்டும் போட்டிருக்கிறோம். இலை தளதளவென்று இருக்கிறது; பிடுங்கிப் பார்த்தால் கிழங்கே பிடிக்கவில்லை. வாரம் ஒருமுறை கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறோம். இன்னும் கூட்டலாமா?

பதில்: கூட்டவே கூடாது, இன்றோடு நிறுத்துங்கள். கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 7 சதவீதம். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) தனித்தனியே அதில் கால் பங்குகூட வராது. கீரைக்கு அது அருமையான உரம். கிழங்குப் பயிருக்குத் தழைச்சத்து ஓயாமல் கிடைத்தால், இலை தயாரிக்கும் சர்க்கரையெல்லாம் புது இலை விடுவதற்கே போய்விடும். மிஞ்சினால்தானே வேரில் சேரும்? வேர்க்காய்களில் இலையின் செழிப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இப்போதைக்கு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 2 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, சதுர மீட்டருக்கு 3 லிட்டர் வீதம் ஊற்றுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை, அதோடு போதும். அது இல்லையென்றால் சலித்த விறகுச் சாம்பல் சதுர மீட்டருக்கு 50 கிராம், தண்டில் படாமல் தூவி, லேசாகக் கொத்தி, தண்ணீர் விடலாம். உவர், களர் மண்ணில் சாம்பல் வேண்டாம். யூரியாவோடோ சாணத்தோடோ கலந்தும் போடாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகி காற்றில் போய்விடும்.

இன்னொன்றையும் பாருங்கள். பீட்ரூட்டில் நாம் ஒற்றை விதை என்று ஊன்றுவது பெரும்பாலும் விதைக்கொத்து. அதிலிருந்து இரண்டு, மூன்று நாற்று வரும். ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட்டு, செடிக்குச் செடி 8 முதல் 10 செ.மீ. இடைவெளி கொடுக்காவிட்டால் எந்த உரமும் உதவாது. முள்ளங்கி 30 நாள் ரகமாக இருந்து 45 நாள் தாண்டியிருந்தால் பிடுங்கிவிடுங்கள். இனி அது பருக்காது, சக்கையாகும். வெயிலுக்குப் பூவும் எடுத்துவிடும்.

கேள்வி: கேரட் கவட்டை கவட்டையாகப் பிரிகிறது. அடியுரம் எவ்வளவு போடுவது?

பதில்: எவ்வளவு என்பதைவிட எவ்வளவு மட்கியது என்பதுதான் கேள்வி. மட்காத சாணம் பட்டால் ஆணிவேரின் நுனி கருகும். நுனி போனதும் பக்க வேர்கள் பருக்கும். கவட்டை அப்படித்தான் விழுகிறது. எருவை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். சூடு, சாண வாடை, வைக்கோல் துண்டு மூன்றும் இருக்கக் கூடாது.

அப்படி மட்கிய எரு சதுர மீட்டருக்கு 2 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம், எலும்புத் தூள் 50 கிராம் கலந்து, விதைக்க இரண்டு வாரம் முன்பே 30 செ.மீ. ஆழம் கொத்தி, ஈரமாக வைத்திருங்கள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் எலும்புத் தூள் எளிதில் கரையாது. அங்கே சூப்பர் பாஸ்பேட் 30 கிராம் போடலாம். மணிச்சத்து மண்ணில் நகராது என்பதால் அதை மேலுரமாகத் தூவிப் பயனில்லை. கல், கட்டி இருந்தாலும் வேர் பிரியும். கேரட்டை நாற்று விட்டுப் பிடுங்கி நடவும் கூடாது.

கேள்வி: தொட்டிச் செடிகளுக்கு மேலுரம் கொடுத்த மறுநாளே இலை ஓரம் கருகிவிட்டது. மண்மேல் வெள்ளைப் படலமும் இருக்கிறது.

பதில்: அந்த வெள்ளை, உரத்தின் உப்பு. வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். மண் கரைசலில் உப்பு ஏற ஏற வேர் தண்ணீர் உறிஞ்சத் திணறும். காய்ந்த மண்ணில் உரம் ஊற்றினால் ஒரே நாளில் இது தெரியும். மேல்மண்ணை ஒரு செ.மீ. சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் நன்றாக வடியும்வரை நிதானமாகத் தண்ணீர் விடுங்கள். அரைமணி கழித்து இன்னொரு முறை. பிறகு இரண்டு வாரம் உரம் வேண்டாம்.

அடுத்த முறை காலையில் தண்ணீர், சாயங்காலம் உரம். 19:19:19 (மூன்று சத்தும் சம அளவில் உள்ளது) போன்ற கரையும் உரமானால் லிட்டருக்கு 2 கிராம் தாண்டாதீர்கள், அதுவும் கிழங்கு திரளும்வரை மட்டும். காய்ந்த இலை மூடாக்கு 5 செ.மீ. போட்டால் பாதிப் பிரச்சினை குறையும். தண்டை ஒட்டிப் போட்டால் அழுகும்.

கேள்வி: கிழங்கு வெடிப்பதற்கு என்ன உரம்?

பதில்: உரக் குறை அபூர்வம். பெரும்பாலும் காயப்போட்டு மொத்தமாகத் தண்ணீர் விடுவதால்தான் வெடிக்கிறது.

கேள்வி: பீட்ரூட்டை வெட்டினால் உள்ளே கறுப்புத் திட்டு.

பதில்: போரான் பற்றாக்குறையாக இருக்கலாம். மண் காய்ந்தாலே, இருக்கிற போரானையும் வேர் எடுக்காது. ஆகவே முதலில் ஈரத்தைச் சீராக்குங்கள். அடுத்த விதைப்புக்கு முன் போராக்ஸ் சதுர மீட்டருக்கு 1 கிராம், 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பரவலாக ஊற்றலாம், ஒரே ஒரு முறை. கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவான சத்து இது.