சமூகப் பணிப் பட்டம் கட்டுப்படியாகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகள் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டாள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி படிக்கவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். என் அண்ணனோ, "நாலு வருஷம் படிச்சிட்டு வந்தாலும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஓ.டி. (மிகைநேர வேலை) செய்யிற பிள்ளை வாங்குற சம்பளம்தான் கிடைக்கும்" என்கிறார். அவர் சொல்வது சரியா?
– ஒரு தாயார், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: முதல் சில ஆண்டுகளுக்கு உங்கள் அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது, அம்மா. அதற்குப் பிறகும் அப்படியேதான் இருக்குமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

பலரும் செலவுக் கணக்கைத் தொடங்கும்போதே தவறிவிடுகிறார்கள். மகளின் சாப்பாடு, தொலைபேசி, துணிமணி எல்லாவற்றையும் படிப்புச் செலவில் சேர்த்துவிடுகிறார்கள். வீட்டில் இருந்தாலும் அவள் சாப்பிடத்தானே போகிறாள்? படிப்பதால் மட்டும் வருகிற செலவை எழுதுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. அதனால் கட்டணம், விடுதி இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் என்று வைப்போம். நான்கு ஆண்டுக்கு 10,000. மடிக்கணினி 2,500. களப்பயிற்சி மாதங்களில் பெட்ரோல், பேருந்து, வெளிச் சாப்பாடு என்று மாதம் 300 கூடுதலாகப் போகும். ஆறு மாதத்துக்கு 1,800. ஆக மொத்தம் 14,300. இந்த எண்களெல்லாம் எடுத்துக்காட்டுதான். அனுமதிக் கடிதம் வந்ததும் அதில் உள்ள தொகையை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாது. அந்த நான்கு ஆண்டில் அவள் சம்பாதிக்காமல் விடுகிற பணம் அது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 48 மாதத்துக்கு 81,600. இரண்டையும் கூட்டினால் 95,900.

பட்டத்தோடு போய் 2,500 ரிங்கிட்டில் வேலை கிடைத்தால், 1,700ஐவிட மாதம் 800 கூடுதல். அந்த 95,900ஐ எடுக்க 120 மாதம், அதாவது பத்து ஆண்டு ஆகும். அனுபவம் சேர்ந்து வித்தியாசம் 1,500ஆக உயர்ந்தால் 64 மாதத்தில் கணக்கு நேராகிவிடும். தொழிற்சாலையில் ஓ.டி.யைச் சேர்த்தால் இந்தக் காலம் இன்னும் நீளும். ஆனால் ஆர்டர் குறைந்தால் ஓ.டி.யும் குறையும் என்பதை அண்ணனுக்கும் நினைவூட்டுங்கள்.

இதே பட்டத்தைத் தனியார் கல்லூரியில் 60,000 ரிங்கிட் கட்டிப் படித்தால் இந்தக் கணக்கு அடிபட்டுவிடும். சமூகப் பணியில் தொடக்கச் சம்பளம் அந்தக் கடனைத் தாங்காது. எங்கள் கருத்து இதுதான்: அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் தயங்காமல் போகட்டும். கிடைக்காவிட்டால் தனியாரில் சேர அவசரப்படாமல் அடுத்த ஆண்டு மறுபடியும் யு.பி.யு. (அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறை) வழியாக முயலட்டும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975 முதல் இந்தத் துறையைக் கற்பித்து வருகிறது. மலாயா, உத்தாரா, சரவாக் பல்கலைக்கழகங்களையும் விண்ணப்பத்தில் பாருங்கள்.

பி.டி.பி.டி.என். (அரசாங்கத்தின் உயர்கல்விக் கடன் நிதி) கடன் எடுப்பதானால் மகள் பெயரில் எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் நகராது. உஜ்ரா என்கிற கடன் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. 24,000 ரிங்கிட் எடுத்துப் பத்தாண்டில் கட்டினால் மாதம் 220 ரிங்கிட்டை ஒட்டி வரும். தேவைக்கு மேல் எடுத்துவிட்டுப் பிறகு திண்டாடுகிற பிள்ளைகள் அதிகம். சேமநிதியின் உட்பிரிவான உங்கள் செஜாத்ரா கணக்கில் பணம் இருந்தால், பிள்ளையின் படிப்புக்காக அதிலிருந்தும் எடுக்கலாம்.

களப்பயிற்சி பற்றி இன்னொன்று. சிறார் இல்லம், மருத்துவமனை, சமூக நல இலாகா அலுவலகம் என்று எங்கே அனுப்பினாலும் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. அந்த மாதங்களில் பகுதிநேர வேலையும் செய்யமுடியாது. பணம் நெருக்குவது அப்போதுதான். முதல் ஆண்டிலிருந்தே மாதம் 50 ரிங்கிட் ஒதுக்கச் சொல்லுங்கள். ஒரு குறிப்பேடும் போடட்டும். தேதி, எத்தனை மணி நேரம், தனிநபர் பணியா குழுப்பணியா, மேற்பார்வையாளரின் பெயர், அவருடைய தகுதி, கையெழுத்து. உதவி பெறுவோரின் பெயர் மட்டும் அதில் வரக்கூடாது. பின்னாளில் ஆஸ்திரேலியாவிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போக நினைத்தால், மேற்பார்வையோடு செய்த களப்பயிற்சிக்கு ஆதாரம் கேட்பார்கள். அப்போது கையெழுத்துப் போட வேண்டியவர் ஓய்வு பெற்றிருப்பார், நிறுவனமும் இடம் மாறியிருக்கும்.

கேள்வி: சமூகப் பணிப் பட்டம் முடித்துவிட்டேன். கோலாலம்பூரில் ஒரு தொண்டு நிறுவனம் 2,600 ரிங்கிட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தம் தருகிறது. அரசாங்க வேலைக்குக் காத்திருப்பதா, இதில் சேர்வதா?
– வாசகி, செந்தூல்

பதில்: சேருங்கள் தங்கச்சி, காத்துக்கொண்டே சேருங்கள். எஸ்.பி.ஏ. (அரசுப் பணிக்கு ஆள் எடுக்கும் ஆணையம்) விண்ணப்பம் ஓராண்டுதான் செல்லும். காலாவதியாகும் நாளை நாட்காட்டியில் குறித்துவைத்துப் புதுப்பியுங்கள். மறந்துவிட்டால் நேர்முகத்துக்கு அழைப்பு வராது, ஏன் வரவில்லை என்றும் தெரியாது. சமூக மேம்பாட்டு அதிகாரி, மருத்துவ சமூகப் பணி அதிகாரி இரண்டையும் தெரிவில் போடுங்கள். முன்பு எஸ்41 என்று இருந்த படிநிலை, 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் எஸ்9 ஆகியிருக்கிறது. அரசாங்கத்தில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டு அலவன்ஸ், வாழ்க்கைச் செலவு அலவன்ஸ் எல்லாம் சேர்ந்தால்தான் முழுத் தொகை தெரியும்.

இப்போதைய வேலைக்கு வருவோம். 2,600இல் சேமநிதிக்கு 286, சொக்சோவுக்கும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி) வேலை காப்புறுதிக்கும் 18 போனால் கையில் 2,296 வரும். முதலாளி தன் பங்காகச் சேமநிதியில் 338 போடவேண்டும். சில இடங்களில் "இது சம்பளம் இல்லை, அலவன்ஸ்" என்று சொல்லி அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் கடிதத்தில் "சம்பளம்" என்ற சொல்லும் சேமநிதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வார இறுதியில் முகாம், இரவில் நெருக்கடி அழைப்பு, இதெல்லாம் இந்த வேலையோடு வருவதுதான். மாதம் 4,000 ரிங்கிட்டுக்குள் வாங்குகிறவருக்கு மிகைநேரச் சம்பளம் சட்டப்படி உரிமை. 2,600ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 100, எட்டால் வகுத்தால் மணிக்கு 12.50. சாதாரண நாளில் மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 18.75. வாராந்திர ஓய்வு நாளில் முழு நாள் வேலை வாங்கினால் கூடுதலாக 100. "சேவைதானே, இதற்கெல்லாமா கணக்குப் பார்ப்பது" என்று சொன்னால் மனம் கலங்கவேண்டாம். ஏழை எளியோரின் உரிமைக்காகப் பேசப் போகிறவர், தன் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டுத் தொடங்கக்கூடாது.

வீட்டு வருகைகளுக்கு யாருடைய வண்டி என்றும் கேளுங்கள். சொந்தக் காரென்றால் பெட்ரோல், டோல், பார்க்கிங் மூன்றும் உங்கள் தலையில் விழும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். எல்.ஆர்.டி. ஓடும் பகுதிகளில் மட்டும் பணி என்றால் மாதம் 50 ரிங்கிட் மை50 பயண அட்டையே போதும். திட்டத்துக்கான மானியம் எந்த மாதம் முடிகிறது என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள். மானியம் முடிகிற அன்றே உங்கள் ஒப்பந்தமும் முடியலாம்.

கேள்வி: எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) மலாய்மொழியில் கிரெடிட் (சிறப்புத் தேர்ச்சி) இல்லை. பட்டம் இருந்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: எடுத்துக்கொள்ளாது, தம்பி. அந்தக் கிரெடிட் இல்லாவிட்டால் பட்டம் இருந்தும் அரசுப் பணிக் கதவு மூடியே இருக்கும். மலாய்மொழித் தாளை மட்டும் தனியாக மறுபடி எழுதலாம். படிக்கிற காலத்திலேயே எழுதி முடித்துவிடுங்கள்.

கேள்வி: சமூகப் பணி படித்தால் ஆலோசகராகவும் வேலை செய்யலாம் என்கிறார்களே?
– வாசகி, பிறை

பதில்: செய்யமுடியாது. ஆலோசகர்களுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெறாதவர் அந்தப் பெயரில் பணியாற்றக்கூடாது. அந்தப் பதிவுக்கு ஆலோசனைத் துறையில் தகுதி வேண்டும். சமூகப் பணியாளரின் வேலை வேறு வகை. ஒரு குடும்பத்தின் வருமானம், வாடகை, பிள்ளைகளின் பள்ளி, மருத்துவமனைக் கட்டணம் எல்லாவற்றையும் பார்த்து, எந்த உதவியை எங்கே வாங்கித் தருவது என்று ஓடுவது அது. நான்கு சுவருக்குள் உட்கார்ந்து ஒருவரின் மனத்தோடு பேசுவதுதான் உங்கள் விருப்பம் என்றால், யு.பி.யு. தெரிவுகளை மாற்றுவதற்கான கடைசி நாள் முடிவதற்குள் ஆலோசனைப் பட்டத்தை முதல் இடத்துக்கு மாற்றுங்கள்.