கேள்வி பதில்: சித்திரைத் தீயும் ஆடித் தீயும்

என் மகள் அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்தில் இருக்கிறாள். ஏப்ரல் வந்தால் அங்கே மாடு வளர்ப்பவர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளிக்குத் தீ வைக்கிறார்களாம், போட்டோ அனுப்பியிருந்தாள். குறிப்பாக ஏப்ரலில் ஏன்?
– வாசகி, நெல்லிக்குப்பம்

மகள் இருப்பது ஃபிளின்ட் ஹில்ஸ் பக்கமாகத்தான் இருக்கும் அம்மா. அங்கே மேல்மண் கொஞ்சம்தான், கீழே சுண்ணாம்புப் பாறையும் தீக்கல்லும். ஏர் இறங்காததால் உயரப்புல் பிரெய்ரி, அதாவது ஆள் உயரப் புல் வளரும் இயற்கைப் புல்வெளி, அங்கே பெரிய பரப்பில் தப்பித்தது, மற்ற இடங்களில் பெரும்பாலும் உழுது மக்காச்சோளம் போட்டுவிட்டார்கள்.

அந்தப் புல்வெளியின் பெரிய ஆள் பிக் புளூஸ்டெம் என்ற புல். உங்கள் ஊர்க் கரும்புக்கும் சோளத்துக்கும் பங்காளி, வெயில் ஏறினால்தான் வளரும் ஜாதி. ஏப்ரலில் அதன் முளைக்கண் எல்லாம் மண்ணுக்கடியில் பத்திரமாகக் கிடக்கும், மேலே நிற்பது போன வருடத்துச் சருகு மட்டும். ஆனால் கென்டக்கி புளூகிராஸ், ஸ்மூத் புரோம் மாதிரி வெளியிலிருந்து வந்த குளிர்காலப் புற்கள் அதற்குள் பச்சைபிடித்து, வேரில் சேர்த்துவைத்ததையெல்லாம் இலைக்குச் செலவழித்துவிட்டு நிற்கும். அந்த நேரத்தில் தீ வந்தால் அடி முழுக்க அதற்குத்தான். தீ வரும் நாளில் யார் பச்சையாக நிற்கிறார்களோ அவர்களுக்கு நஷ்டம், இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சருகுப் போர்வை போனதும் கறுத்த மண் சீக்கிரம் சூடேறும், தரை வரைக்கும் வெளிச்சம் விழும், புளூஸ்டெம் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து முப்பிரிவாகக் கதிர் தள்ளும். அந்தத் தளிரை மேய்கிற மாட்டுக்கு எடை கூடும் என்பதுதான் மாட்டுக்காரர்களின் கணக்கு. அவர்களுக்கு முன்பே கான்சா, ஓசேஜ் பழங்குடிகள் காட்டெருமையை இழுக்க இதே நிலத்தில் தீ வைத்தவர்கள்தான், ஆனால் ஏப்ரல் என்று ஒரு மாதத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. இப்போது மாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே சில வாரத்தில் கொளுத்துவதால் புகை கேன்சஸ் சிட்டி, ஒமாஹா வரை போய் அங்கே பஞ்சாயத்து தனியாக நடக்கிறது.

வேறு மாதத்தில் எரித்தால் புல் கெட்டுவிடுமா?
– கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம்

கெட்டுவிடும் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே மலைப்பகுதியில் கோன்சா பிரெய்ரி என்ற ஆராய்ச்சி நிலம் இருக்கிறது, 1971-இல் தொடங்கியது. அங்கே தனித்தனிப் பாத்திகளை இலையுதிர் காலம், குளிர்காலம், வசந்தம் என்று பிரித்து வருடாவருடம் எரித்துப் பார்த்தார்கள். எந்தக் காலத்தில் எரித்தாலும் பிக் புளூஸ்டெம் குறையவில்லை. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எரித்த இடங்களில் அதோடு சேர்ந்து பூச்செடிகளும் வெயிலுக்கு முன்பே பச்சைபிடிக்கும் புற்களும் கூடின. வசந்தத் தீ தவறு என்று இதற்கு அர்த்தமில்லை, மாட்டுக்காரருக்கு வேண்டியது ஒன்று, பூவும் தேனீயும் வேண்டுமென்பவருக்கு வேண்டியது வேறு, அவ்வளவுதான்.

ஆடி மாதத் தீ இதைவிட சுவாரசியம். ஜூலை, ஆகஸ்டில் பெரும்புல்தான் முழுப் பச்சையாக நிற்கும், அதனால் அடி அதற்கு. வசந்தத்திலேயே பூத்து விதை கொட்டி முடித்த சின்னச் செடிகளுக்கு இடம் கிடைக்கும். செரிசியா லெஸ்பெடீசா என்று ஒரு களை, ஆசியாவிலிருந்து போனது, மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கிறது. வசந்தத் தீயில் அதன் விதை இன்னும் நன்றாக முளைக்கிறது, பூக்கிற சமயமான ஆகஸ்ட், செப்டம்பரில் எரித்தால் விதை கட்டாமலே போகிறது. களை அதேதான், மாதத்தை மாற்றியதும் கதை தலைகீழ். ஆனால் பச்சைப் புல் சுலபத்தில் பிடிக்காது, பிடித்தால் அடர்ந்த புகை, அதனால் பலர் துணிவதில்லை.

பொம்மையார்பாளையம் பக்கம் அரை ஏக்கர் செம்மண் தரிசு வாங்கியிருக்கிறேன். தர்ப்பை, கோரை, வேலிகாத்தான் (சீமைக் கருவேலம்) மண்டிக் கிடக்கிறது. அந்த ஊர் மாதிரி சித்திரையில் ஒருமுறை கொளுத்திவிட்டால் சுத்தமாகிவிடாதா?
– வாசகர், புதுச்சேரி

வேண்டாம் ஐயா. நீங்கள் ஒழிக்க நினைக்கும் மூன்றும் தீயில் தப்பிக்கிற சாமான்கள். தர்ப்பைக்கும் கோரைக்கும் உயிர் மண்ணுக்கடியில் இருக்கிறது, வேலிகாத்தான் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். எரிந்துபோவது யாரென்றால், பறவை எச்சத்தில் விழுந்து புதரடியில் ஒளிந்து முளைத்திருக்கும் காயா, வீரை, கருங்காலிக் கன்றுகள். இந்தக் கடற்கரையின் சொந்தக் காடு அதுதான், புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள், இலை உதிர்க்காத, தீயோடு பழகாத காடு. போதாததற்கு சித்திரையில் தரையை மொட்டையாக்கினால், ஐப்பசி மழை வருவதற்குள் இடையில் வரும் கோடை மழையே செம்மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். வேலிகாத்தானை மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு தோண்டுங்கள். புல்லை அறுத்து அதே இடத்தில் மூடாக்காகப் போடுங்கள், நிழல் விழ ஆரம்பித்தால் தர்ப்பை தானாக மெலியும்.

கரும்பும் பங்காளிதானே, அப்போது சோகையை (காய்ந்த கரும்பு இலையை) எரித்தால் மறுதாம்புக்கு (வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் அடுத்த கரும்புக்கு) நல்லதுதான் என்று சொல்லலாமா?
– கரும்பு விவசாயி, பண்ருட்டி

மடக்கிவிட்டீர்கள்! எரித்த மூன்றாம் வாரம் சாம்பலுக்கு நடுவே குருத்து பளிச்சென்று தெரியும், அதனால்தான் நம் ஆட்கள் நம்புகிறார்கள். கேன்சஸில் பனி உறைந்த மண்ணைச் சூடேற்ற வேண்டியிருக்கிறது. பண்ருட்டி மண்ணுக்கு அந்தக் குறை என்றைக்கு இருந்தது? இங்கே காப்பாற்ற வேண்டியது ஈரம். சோகையில் இருக்கும் தழைச்சத்து புகையோடு போய்விடும். கட்டையைத் தரையோடு சீவிவிட்டு, சோகையை ஒரு சால் விட்டு ஒரு சாலில் பரப்புங்கள். களையும் அடங்கும், இளங்குருத்துப் புழுவின் தொல்லையும் குறையும்.