பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார்?

கேள்வி (ஈசூன் வாசகர்): அமெரிக்காவில் சட்டமன்ற உறுப்பினர்களும் அவர்களுடைய ஊழியர்களும் தனியார் செலவில் வெளிநாடு செல்லலாம், பிறகு அதைப் பதிவு செய்தால் போதும் என்று படித்தேன். இங்கே சிங்கப்பூரில் அமைச்சராக இருந்தவரே, விமானப் பயணமும் இடம்பெற்ற ஒரு வழக்கில் சிறை சென்றார். சொல்லிவிட்டால் தவறு சரியாகிவிடுமா?

பதில்: சரியாகிவிடாது. ஆனால் சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயம் உள்ள இடத்தில்தான் முறையான பயணம் எது, கைம்மாறு எதிர்பார்த்த உபசாரம் எது என்று பொதுமக்களால் பிரித்தறிய முடிகிறது.

ஜாக் ஏப்ரமாஃப் என்ற அரசியல் தரகர், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களை ஸ்காட்லாந்துக்குக் கோல்ஃப் விளையாட அழைத்துச் சென்ற விவகாரம் வெளிவந்து, பாப் நே என்ற உறுப்பினர் 2006இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகே அங்கு விதிகள் இறுகின. 2007 முதல், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் தனியார் செலவில் செல்லுமுன் நன்னெறிக் குழுவின் அனுமதியைப் பெறவேண்டும். திரும்பிய 15 நாள்களுக்குள் யார் பணம் கொடுத்தார், எங்கே சென்றார், போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் தனித்தனியே எவ்வளவு செலவானது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். செனட் சபையில் அந்தக் கெடு 30 நாள்கள். எவரும் அந்தத் தாள்களைப் பார்க்கலாம்.

ஊழியர்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மசோதாவின் வாசகத்தையும் உறுப்பினர் கேட்கப்போகும் கேள்வியையும் முதலில் எழுதிப் பார்ப்பவர் பெரும்பாலும் ஓர் இளம் உதவியாளர்தான். அவர் மனத்தை மாற்றுவது எளிது, அவர் எங்கே போய்வந்தார் என்று கவனிப்பவர்களும் குறைவு. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் உறுப்பினர்களின் செயலாளர்களுக்கும் ஆய்வு உதவியாளர்களுக்கும் தனிப் பதிவேடு வைத்திருப்பதும் இதனால்தான் பொருள் பெறுகிறது.

இருந்தாலும் தாள் நிரப்பப்பட்டதாலேயே உண்மை வெளிவந்துவிட்டது என்று கொள்ள முடியாது. 2013இல் 10 காங்கிரஸ் உறுப்பினர்களும் 32 ஊழியர்களும் அசர்பைஜானின் தலைநகர் பாக்குவில் நடந்த மாநாட்டுக்குச் சென்றார்கள். உறுப்பினர்கள் முன் அனுமதி பெற்றிருந்தார்கள். செலவு லாப நோக்கற்ற அமைப்புகளுடையது என்று பதிவாகியிருந்தது. அந்நாட்டு அரசின் எண்ணெய் நிறுவனமே 7,50,000 டாலரை அந்த அமைப்புகள் வழியாக இரகசியமாகச் செலுத்தியிருந்தது 2015இல்தான் வெளியே தெரிந்தது. பயணம் போனவர்களுக்கே இது தெரிந்திருக்கவில்லை என்று நன்னெறிக் குழு முடிவு செய்தது. அழைத்தவரின் பெயரை மட்டும் கேட்டு, அவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விட்டால் இதுதான் நேரும்.

இருக்கும் வெளிப்படைத்தன்மையும் சத்தமின்றிச் சுருங்கிப் போகலாம். 2014இல், பயண அறிக்கை தனியாகத் தரப்படுகிறதே, ஆண்டு நிதி அறிக்கையில் மறுபடி எதற்கு என்று நன்னெறிக் குழு அந்தப் பகுதியை நீக்கியது. ஒரு செய்தியாளர் கண்டுபிடித்து எழுதியதும் எதிர்ப்புக் கிளம்பி, சில நாள்களிலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது.

நம் வழி வேறு. இங்கே இத்தகைய உபசாரம் குற்றவியல் சட்டத்தின் பார்வையில் வருகிறது. துணை அமைச்சராக இருந்த வீ தூன் பூன், வீடமைப்பு நிறுவன உரிமையாளர் ஒருவரின் செலவில் குடும்பத்துடன் இந்தோனேசியா சென்றதும் 1975இல் அவர்மீது நடந்த ஊழல் வழக்கின் ஒரு பகுதி. முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரன் 2022 டிசம்பரில் தொழிலதிபர் ஓங் பெங் செங்கின் தனி விமானத்தில் தோஹா சென்றார். 2024 அக்டோபரில் அவருக்கு 12 மாதச் சிறை விதிக்கப்பட்டது. இந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இவற்றை வெளிக்கொணர்ந்தது புலனாய்வு, பொதுப் பதிவேடு அல்ல. அமைச்சர்கள் தங்கள் வருமானத்தையும் சொத்தையும் இரகசியமாகவே தெரிவிக்கிறார்கள். உறுப்பினர்களும் உதவியாளர்களும் பிறர் செலவில் செய்யும் பயணங்களுக்காவது பொதுமக்கள் திறந்து பார்க்கக்கூடிய ஓர் ஏடு இங்கும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நேர்மையானவர்களுக்கு அது பாரமாக இராது.

கேள்வி (ஜூரோங் வாசகி): என் மகள் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் உதவியாளராக இருக்கிறாள். ஒரு நிறுவனம் பாலியில் நடக்கும் கருத்தரங்குக்குத் தன் செலவில் அழைக்கிறது. போகலாமா? பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதாதா?

பதில்: அம்மா, திருப்பிக் கொடுப்பதை நம்பி அனுப்பாதீர்கள். ஈஸ்வரன் தோஹாவிலிருந்து திரும்பிய விமானக் கட்டணமான சுமார் 5,700 வெள்ளியைப் பல மாதங்கள் கழித்து, புலனாய்வு தொடங்கிய பின் செலுத்தினார். அப்படிச் செலுத்தியதே நீதிக்கு இடையூறு செய்ததாகத் தனிக் குற்றச்சாட்டானது. உங்கள் மகள் முதலில் உறுப்பினரிடம் சொல்லி, அவருடைய ஒப்புதலை எழுத்தில் பெறட்டும். பணம் உண்மையில் யாருடையது, உடன் வருபவர்கள் யார், நிகழ்ச்சி நிரலில் கருத்தரங்கு எத்தனை மணி நேரம், கடற்கரை எத்தனை மணி நேரம் என்று நிறுவனத்திடம் கடிதத்தில் கேட்கட்டும். அந்த நிறுவனத்துக்கு உறுப்பினரிடம் ஆகவேண்டிய காரியம் ஏதேனும் இருந்தால் மறுத்துவிடுவதே முறை. இவையெல்லாம் பயணச்சீட்டு பதிவாகுமுன் நடக்கவேண்டும்.