இழைப்புளியால் நேரான காடி எடுக்கப் பழகுவது எப்படி?

அலமாரிக் கதவின் சட்டத்தில் காடி (நடுப்பலகையைச் செருகுவதற்கான நீளப் பள்ளம்) எடுத்தால் தொடக்கத்திலேயே கோணிக்கொண்டு போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் போனது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர்தான் திருத்தினார். "தம்பி, அந்தக் கோடியிலிருந்து ஆரம்பி" என்றார்.

பலகை இழைப்பதுபோல இந்த முனையில் வைத்து அந்த முனைவரை ஒரே மூச்சில் தள்ளக் கூடாது. தூரத்து முனையில் நான்கு விரற்கடை நீளத்தை மட்டும் முதலில் இழையுங்கள். அடுத்த தள்ளலை அதற்கு நான்கு விரற்கடை பின்னால் தொடங்குங்கள். இப்படியே பின்வாங்கி வந்தால் ஒவ்வொரு தள்ளலும் ஏற்கெனவே வெட்டிய காடிக்குள் போய் முடியும். அதுவே அலகை நேராக நடத்தும். மரத்தின் ரேகை அலகை இழுத்தாலும் கெடுவது நான்கு விரற்கடைதான்.

அடுத்தது இடக்கை. வலக்கை தள்ளுவதற்கு மட்டும். இடக்கை, பக்கக் கட்டையை, அதாவது இழைப்புளியின் பக்கவாட்டில் சட்டத்தை ஒட்டி ஓடும் கட்டையை, சட்டத்தின் முகத்தோடு அழுத்திப் பிடிப்பதற்கு மட்டும். பெரியவர் தன் உள்ளங்கையை என் இடக்கையின் மேல் வைத்து அழுத்திக் காட்டினார். அவ்வளவு பலம் வேண்டும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பிடி சரியாக இருந்தால் சீவல் காடியின் முழு அகலத்துக்கு நாடாபோலச் சுருண்டு வரும். இழைப்புளி சாய்ந்தால் ஒரு ஓரம் மட்டும் நூலாகப் பிய்ந்து வரும். காடியைக் குனிந்து பார்ப்பதைவிடச் சீவலைப் பாருங்கள்.

20 மி.மீ. தடிமனான சட்டத்துக்கு 6 மி.மீ. அகலமும் 10 மி.மீ. ஆழமும் போதும். எல்லாச் சட்டங்களிலும் முன்முகத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பக்கக் கட்டையை அந்த முகத்திலேயே ஓட்டுங்கள். முகம் மாறினால் மூலையில் காடிகள் ஒன்றோடொன்று சேராது.

பழகுவதற்குச் சில்வர் ஓக் வாங்குங்கள். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்ப்பது, மிளகுக் கொடி படர்ந்திருக்குமே, அந்த மரம்தான். எளிதில் வெட்டுப்படும், ஆனால் அலகு சற்று மழுங்கினாலும் பளபளக்கும் புள்ளிகள் உள்ள இடத்தில் பிய்ந்துவிடும். எப்போது சாணைக்கல்லை எடுக்க வேண்டும் என்பதை அந்த மரமே சொல்லிவிடும்.

காடிக்குள் பலகையைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். ஒரு சித்திரை வெயிலில் சேலத்தில் செய்த கதவை ஏற்காட்டில் அக்கா வீட்டில் மாட்டினேன். பலகையைக் காடியின் அடிவரை இறுக்கிப் பசையும் வைத்திருந்தேன். ஐப்பசி மழையில் பலகை அகலவாக்கில் உப்பி, மூலை இணைப்பைப் பிளந்துவிட்டது. ஈரம் ஏறினால் மரம் நீளவாக்கில் அனேகமாக அசையாது, அகலவாக்கில்தான் பெருக்கும். அடுத்த கதவில் பக்கத்துக்கு 2 மி.மீ. இடம் விட்டு, பசையில்லாமல் பலகையைச் செருகினேன். மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. மூலையில் மயிரிழை விரிசல்கூட இல்லை.