காலிபரேஷன் அறிக்கையில் 0.000 என அச்சாகும் கெழு: எத்தனை இலக்கங்கள் காட்ட வேண்டும்?

கேள்வி: கரைசலிலுள்ள அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனிக் குரோமட்டோகிராஃபியில், அம்மோனியத்துக்கு இருபடிக் காலிபரேஷன் வளைகோட்டை (தெரிந்த செறிவுகளைக் கொண்டு வரைவது) பயன்படுத்துகிறோம். குரோமிலியான் 7 மென்பொருளின் அறிக்கையில் சாய்வு 0.215 என்றும், வளைவுக் கெழு 0.000 என்றும் அச்சாகின்றன. இவற்றை வைத்துக் கையால் கணக்கிட்டால் மென்பொருள் தரும் செறிவு கிடைப்பதில்லை. மென்பொருள் அந்தக் கெழுவை விட்டுவிடுகிறதா? இலக்கங்களை எப்படிக் கூட்டுவது?

பதில்: விடவில்லை. மென்பொருள் கெழுக்களை முழு நுட்பத்துடன் வைத்துக்கொண்டே செறிவைக் கணக்கிடுகிறது. மூன்று தசம இடங்கள் என்பது அச்சிடும் வடிவம் மட்டுமே. ஆகவே உங்கள் முடிவுகளை மீண்டும் கணக்கிட வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிக்கையை மட்டும் கையில் வைத்திருக்கும் ஒருவரால் கணக்கைச் சரிபார்க்க முடியாது என்பதால், குறை திருத்தப்பட வேண்டியதே.

சப்ரசரை (ஓடு கரைசலின் மின்கடத்தலை அடக்கும் பகுதியை) கடந்து வரும் அம்மோனியா ஒரு வலிமை குன்றிய காரம். செறிவு கூடக்கூட அது அயனியாகும் விகிதம் குறைவதால் கோடு கீழ்நோக்கி வளைகிறது. எனவே இங்கே வளைவுக் கெழு அலங்காரத்துக்காக இருப்பதன்று. கோடு சுழி வழியே செல்வதாகவும், சாய்வு 0.21463, வளைவுக் கெழு −0.0004187 எனவும் கொள்வோம். லிட்டருக்கு 50 மி.கி. செறிவில் முதல் உறுப்பு (சாய்வு × செறிவு) 10.7315, இரண்டாவது (வளைவுக் கெழு × செறிவின் வர்க்கம்) −1.0468, இரண்டின் கூடுதலான உச்சிப் பரப்பு ஏறத்தாழ 9.685. இதே பரப்பை அச்சிட்ட 0.215 ஆல் வகுத்தால் 45.0 மி.கி. தான் வரும். நீங்கள் கண்ட வேறுபாடு இத்தகையதே. பத்து விழுக்காடு வரை போகக்கூடியது.

இதற்குத் தீர்வாகப் பலரும் தசம இடங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். அது சரியான வழியன்று. நான்கு தசம இடங்கள் வைத்தால் சாய்வுக்கு நான்கு முக்கிய எண்ணுருக்கள் கிடைக்கும், வளைவுக் கெழுவுக்கோ 4 என்ற ஒரே எண்ணுருதான் மிஞ்சும். நாளை யாரேனும் செறிவின் அலகை மில்லிகிராமிலிருந்து மைக்ரோகிராமுக்கு மாற்றினால், சாய்வு ஆயிரத்தில் ஒரு பங்காகவும், வளைவுக் கெழு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகவும் சுருங்கி, வைத்திருக்கும் தசம இடங்கள் போதாமல் மீண்டும் சுழிகளே அச்சாகும். கெழுக்களுக்கு அறிவியல் குறியீட்டு வடிவமே பொருந்தும்: அதில் −0.0004187 என்பது −4.187 × 10⁻⁴ என வரும். அலகு மாறினால் அடுக்கு மட்டுமே மாறும், எண்ணுருக்கள் மறையா. நான்கு எண்ணுருக்களே போதும். 0.2146, −0.0004187 என்பவற்றை வைத்துப் பார்த்தால் பரப்பு 9.683 என வரும், வித்தியாசம் 0.02 விழுக்காட்டுக்கும் குறைவு. பதினைந்து இலக்கங்களை அச்சிடுவதால் நம்பகம் கூடாது, படிப்பவருக்குத் தலைவலிதான் கூடும்.

குரோமிலியானின் ரிப்போர்ட் டிசைனரில் காலிபரேஷன் அட்டவணையைத் திறந்து, கெழு உள்ள நெடுவரிசையின் பண்புகளில் எண் வடிவத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு கெழுவுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். ஒரு சீக்வென்ஸில் (மாதிரிகளின் ஓட்டத் தொகுப்பில்) உள்ள நகலை மட்டும் திருத்தினால் அடுத்த சீக்வென்ஸில் பழைய வடிவமே திரும்பி வரும் என்பதால், மூல டெம்ப்ளேட்டையே திருத்துங்கள். அது அங்கீகரிக்கப்பட்ட ஆவணமாக இருந்தால், மாற்றக் கட்டுப்பாட்டு நடைமுறைப்படி காரணத்தைப் பதிவு செய்து, புதிய பதிப்பாக வெளியிட வேண்டும். எக்ஸெலில் வரைபடத்தின் டிரெண்ட்லைன் (போக்குக் கோடு) சமன்பாட்டை எடுத்துக் கணக்கிடுவோருக்கும் இதே சிக்கல்தான். அந்தச் சமன்பாட்டின் மீது வலது கிளிக் செய்து, எண் வடிவத்தை சயின்டிஃபிக் என மாற்றினால் தீரும்.

அறிக்கையைச் சரிபார்க்கும்போது இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்துச் செறிவு காண முயல வேண்டாம். மென்பொருள் தந்த செறிவைச் சமன்பாட்டில் இட்டு, வரும் பரப்பை அறிக்கையிலுள்ள பரப்போடு ஒப்பிடுவதே எளிது.

நீங்கள் மருந்து ஆய்வகமாக இருந்தால், அமெரிக்க மருந்துத் தர நூலான யுஎஸ்பியின் பொது விதிகளின் 7.20ஆம் பிரிவு உங்களுக்கு உதவும். சாய்வு போன்ற இடைநிலை மதிப்புகளை அறிக்கைக்காக முழுமையாக்கி (ரவுண்ட் செய்து) காட்டலாம், ஆனால் அடுத்த கணக்குகளுக்கு முழுமையாக்காத மூல மதிப்பையே பயன்படுத்த வேண்டும் என அது கூறுகிறது. தணிக்கையாளர் கேட்டால் இதையே காட்டுங்கள்.

கோடு தரவுகளோடு எவ்வளவு பொருந்துகிறது எனக் காட்டும் ஆர் ஸ்கொயர் மதிப்புக்கு மட்டும் அறிவியல் குறியீடு வேண்டாம். அது எப்போதும் ஒன்றை ஒட்டியே இருப்பதால் தசம இடங்களே ஏற்றவை. 0.99996 என்பது நான்கு இடங்களில் 1.0000 என அச்சாகி, பார்ப்பவருக்குத் தேவையற்ற ஐயத்தைத் தரும்; ஐந்து இடங்கள் வையுங்கள். ஏற்பு வரம்போடு ஒப்பிடும்போது, வரம்பு எத்தனை தசம இடங்களில் எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனை இடங்களுக்கு முழுமையாக்குங்கள். அந்த நெடுவரிசை ஆர் மதிப்பையா, அதன் வர்க்கத்தையா காட்டுகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: ஆர் 0.9990 என்றால் அதன் வர்க்கம் 0.9980 தான்.