ஃபேனுக்குப் போடுங்கள், போர்வெல்லுக்கு வேண்டாம்

கேள்வி: கோவைப் பக்கம் நூற்பாலை நடத்துகிறோம். ஆலைக்குள் ஈரக்காற்றை அனுப்பும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் 15 கிலோவாட் சப்ளை ஃபேன் வருடம் முழுக்க ஓடுகிறது. காற்று அதிகமாக வருவதால், காற்றுப் பாதையை அடைக்கும் தகடான டேம்பரைப் பாதி மூடி வைத்திருக்கிறோம். போர்வெல்லில் 10 ஹெச்.பி. சப்மெர்சிபிள் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. இரண்டுக்கும் விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) மாட்டினால் கரண்ட் பாதியாகக் குறையும் என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

பதில்: ஃபேன் விஷயத்தில் அவர் சொல்வது ஏறக்குறைய சரி. போர்வெல் விஷயத்தில் சரியில்லை.

டேம்பரை மூடி ஃபேனை முழு வேகத்தில் ஓட்டுவது, ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே பிரேக்கையும் மிதிப்பது மாதிரி. காற்று குறையும், ஆனால் மோட்டார் இழுக்கும் கரண்ட் கொஞ்சம்தான் குறையும். வேகத்தைக் குறைத்தால் கதையே வேறு. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை, முழு வேகமான 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறக்கினால் காற்று 80 சதவீதம் ஆகும். மின்சாரமோ, டேம்பர் முழுசாகத் திறந்து முழு வேகத்தில் ஓடும்போது இழுப்பதில் 0.8-ஐ மூன்று முறை பெருக்கிய அளவுக்கு, அதாவது 51 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

உங்கள் ஃபேன் இப்போது, டேம்பர் பாதி மூடிய நிலையில், 12 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேம்பரை முழுசாகத் திறந்து 40 ஹெர்ட்ஸில் ஓட்டினால், டிரைவின் சொந்த இழப்பையும் சேர்த்துச் சுமார் ஏழரை கிலோவாட்டில் வேலை முடியும். வருடம் 8,000 மணி நேரம் ஓடினால் மிச்சம் 36,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 2,88,000 ரூபாய். வாங்கும் முன் ஒரு பவர் அனலைசர் வைத்து உண்மையான கிலோவாட்டை அளந்துவிடுங்கள். ஆம்பியர் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

உங்கள் ஃபேன் பெல்ட்டில் ஓடுவதாக இருந்து, வருடம் முழுக்க ஒரே அளவு காற்றுதான் தேவை என்றால், விஎஃப்டியே வேண்டாம், மோட்டார் புல்லியை மாற்றினால் போதும் என்பேன். ஆனால் சித்திரை வெயிலில் வேண்டிய காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஆடி மாதத்தில் வேண்டாம். இரவுக்கும் பகலுக்கும்கூட வித்தியாசம் உண்டு. அதனால் உங்களுக்கு டிரைவ்தான் பொருத்தம். டிபார்ட்மென்ட்டில் ஈரப்பத சென்சார் வைத்து அதோடு இணைத்துவிடுங்கள். ஆள் பார்த்துத் திருகுகிற ஏற்பாடு பத்து நாளில் மறுபடி 50-லேயே வந்து நின்றுவிடும்.

நான் பல இடங்களில் பார்த்து வருத்தப்பட்ட தவறு ஒன்று உண்டு. விஎஃப்டி மாட்டிவிட்டு டேம்பரைப் பழையபடியே மூடி வைத்திருப்பார்கள், டிரைவும் 50-ல் ஓடும். மிச்சம் எதுவும் இல்லை, டிரைவ் இழப்பு மூன்று நாலு சதவீதம் கூடுதல் செலவு. அப்புறம், மே மாதத்தில் 55 ஹெர்ட்ஸுக்கு ஏற்றாமல் இருக்க உச்சவரம்பைப் பூட்டுங்கள். 55-ல் மோட்டார் மேல் 33 சதவீதம் சுமை கூடும்.

காற்றில் தண்ணீர் தெளிக்கும் ஏர் வாஷரின் பம்புக்கும் போடலாம், ஆனால் அதிகம் இறக்க முடியாது. வேகம் 80 சதவீதமானால் அழுத்தம் 64 சதவீதம்தான், நாசிலில் தண்ணீர் பூத்தூறலாகத் தெறிக்காது.

போர்வெல்லுக்கு வருவோம். ஃபேன் காற்றைத் தள்ளுகிறது. போர்வெல் பம்போ தண்ணீரை ஆழத்திலிருந்து தூக்க வேண்டும், மெதுவாக ஓட்டுவதால் அந்த உயரம் குறைந்துவிடாது. வால்வை மூடினால் 110 மீட்டர் அழுத்தம் காட்டும் பம்ப், 42 ஹெர்ட்ஸில் 78 மீட்டர் கூடத் தராது. நீங்கள் ஏற்ற வேண்டியது 80 மீட்டர் என்றால் மேலே ஒரு சொட்டு வராது. பம்ப் உள்ளே சுழன்று தண்ணீரைச் சூடாக்கும், மோட்டாரும் குளிராது. தொட்டி நிரம்பினால் நிறுத்தும் லெவல் கண்ட்ரோலரே அங்கே போதும். பம்ப் உங்கள் ஆழத்துக்கு மிகப் பெரியது என்றால், அடுத்த முறை மேலே எடுக்கும்போது ஸ்டேஜ் (தண்ணீரைத் தள்ளும் அடுக்கு) குறைந்த பம்பாக மாற்றுங்கள்.

டிரைவ் பேனலை பிளான்ட் அறைக்குள் வைக்காதீர்கள். அங்குள்ள ஈரமும் பஞ்சுத் துகளும் சேர்ந்து, டிரைவின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கை அடைத்துவிடும். வெளியே வைத்து, கூலிங் ஃபேன் ஃபில்டரை வாரம் ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.